‘நிருவாகியாக இயக்கு’: கணினித் தமிழாய்வில் உயர்வுரிமையும் கருத்தாப் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நூல்களைக் கணினிவழி ஆராய்வோர், நிரலாக்கக் கருவிகளைத் தம் மேசைக் கணினியில் இயக்கும்போது, அவற்றிற்கு நிருவாகிக்குரிய முழு உரிமையையும் அளித்து இயக்கும் வழக்கம் காணப்படுகிறது. இவ்வழக்கம் தமிழ்க் கணிமையின் எழுத்துரு வரலாற்றோடு தொடர்புடையது என்பதையும், ‘நிருவாகியாக இயக்கு’ என்னும் கட்டளைத் தொடரின் இலக்கண அமைப்பு அவ்வழக்கத்திற்குத் துணை நிற்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குரிய கருத்தா, உடனிகழ்ச்சி ஆகிய பொருள்களைக் கொண்டு அத்தொடர் ஆராயப்படுகிறது. மிகையான உரிமையால் தமிழ்த் தரவுப் பணிக்கு நேரும் இடையூறுகள் சான்றுகளுடன் காட்டப்பட்டு, மாற்றுத் தொடர் ஒன்றும் முன்மொழியப்படுகிறது.

திறவுச் சொற்கள்: நிருவாகி, உயர்வுரிமை, ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா, உடனிகழ்ச்சி, கலைச்சொல்லாக்கம், தரவகம், புதுச்சேரி.

முன்னுரை

புதுச்சேரியில் தமிழாய்வும் கணினியும் சந்தித்த வரலாறு நெடியது. 1955இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியின் புதுச்சேரி மையமும் திரட்டிய சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. இவ்விரு நிறுவனங்களும் 2007இல் ‘கணினித் தேவாரம்’ என்னும் குறுவட்டை வெளியிட்டன. வி. எம். சுப்பிரமணிய ஐயர் தேவாரம் முழுமைக்கும் எழுதி வைத்திருந்த ஆங்கில உரையை, ழான்-லுக் ஷெவியார், எஸ். ஏ. எஸ். சர்மா ஆகியோர் மூலத்தோடு இணைத்துக் கணினிக்குக் கொண்டுவந்த பணி அது. ஆய்வாளர் அதனைத் திறந்து படித்தார். நிரல் எழுத வேண்டிய தேவை படிப்பவருக்கு இல்லை.

இன்றைய நிலை வேறு. முனைவர்ப் பட்ட ஆய்வாளர் ஒருவர் தேவாரத்திற்கோ சங்கத் தொகை நூல்களுக்கோ சொல்லடைவு ஒன்றைத் தாமே உருவாக்க விரும்பினால், பைத்தான் மொழியை நிறுவுகிறார். விஷுவல் ஸ்டூடியோ கோட் போன்ற நிரல் எழுதும் கருவியைத் திறக்கிறார். ஓபன்-தமிழ் போன்ற நிரல் தொகுதிகளை இணையத்திலிருந்து இறக்குகிறார். தாம் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கக் கிட் என்னும் கருவியைக் கையாள்கிறார். படிப்பவராக இருந்தவர் கருவி இயக்குபவராகவும் ஆகிவிட்டார். இவ்விடத்தில்தான் ‘நிருவாகியாக இயக்கு’ என்னும் தெரிவு அவர் முன் வருகிறது. ஏதேனும் ஒரு பிழைச்செய்தி தோன்றியவுடன், ‘நிருவாகியாக இயக்கிப் பாருங்கள், சரியாகிவிடும்’ என்று அருகிலிருப்பவர் கூறும் அறிவுரையும் உடன் வருகிறது. சில நேரங்களில் அது சரியாகவும் ஆகிவிடுகிறது. பழக்கம் வேரூன்ற அதுவே போதுமானது.

இப்பொருள் கணினி அறிவியல் துறைக்குரியது, தமிழ்த் துறைக்கு இதில் என்ன வேலை என்னும் வினா எழலாம். சிக்கலின் ஒரு பாதி கணினியில் இருக்கிறது. மறுபாதி சொற்றொடரில் இருக்கிறது. பின்னதைத் தமிழ்த் துறையன்றிப் பிறர் ஆராயப் போவதில்லை.

எழுத்துரு விட்டுச்சென்ற பழக்கம்

தமிழ்ப் பயனரிடம் இப்பழக்கம் ஆழப் பதிந்ததற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழை எழுதவும் படிக்கவும் எட்டுத்துணுக்கு எழுத்துருக்களே வழியாக இருந்தன. டிஸ்கி, பாமினி, 1999ஆம் ஆண்டுத் தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் எனக் குறிமுறைகள் பல. ஒருவர் தட்டச்சிட்ட கட்டுரையை மற்றொருவர் படிக்க வேண்டுமெனில் அதே எழுத்துரு அவர் கணினியிலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். எழுத்துருவோ இயக்கமுறைமையின் பொதுக் கோப்புறைக்குள் செல்ல வேண்டியது. அக்கோப்புறையில் எழுதும் உரிமை நிருவாகிக்கே உரியது.

ஒருங்குறி வந்த பின்னும் நிலைமை உடனே மாறவில்லை. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் எழுத்துகள் கொம்பும் காலும் இடம் மாறாமல் தோன்ற வேண்டுமெனில், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைத் தனியே நிறுவியாக வேண்டும். அதற்கும் நிருவாகி உரிமை வேண்டும். பெரும்பாலும் நிறுவற்குறுவட்டும் வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவோர்க்கு இத்தொல்லை இல்லை. ‘நிருவாகியாக நுழைந்தால்தான் தமிழ் வரும்’ என்பது அக்காலத் தமிழ்ப் பயனரின் பட்டறிவு. அது மூடநம்பிக்கை அன்று. அன்றைய கணினியின் உண்மை நிலை.

அந்த உண்மை இன்று காலாவதியாகிவிட்டது. விண்டோஸ் விஸ்டா முதல் தமிழ் எழுத்துரு அமைவு இயல்பாகவே உள்ளது. 2018ஆம் ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், பயனர் தமக்கு மட்டும் எழுத்துருவை நிறுவிக்கொள்ள நிருவாகி உரிமை தேவையில்லை. விஷுவல் ஸ்டூடியோ கோட் கருவியும் அதே ஆண்டில் பயனர் அளவில் நிறுவும் வடிவத்தை வழங்கத் தொடங்கியது. காரணம் நீங்கிய பின்னும் பழக்கம் நீங்கவில்லை. பல ஆய்வகங்களில் நிருவாகிக் கணக்கின் கடவுச்சொல் அனைவருக்கும் தெரிந்த ஒன்றாகவே இருப்பதை இதனோடு சேர்த்துக் காணலாம்.

‘நிருவாகி’ என்னும் சொல்

நிருவாகம் என்பது வடமொழி ‘நிர்வாஹ’ என்பதன் வழி வந்தது. ‘வஹ்’ என்னும் அடிக்குச் சுமத்தல், கொண்டு செல்லுதல் என்று பொருள். ஒன்றை இறுதிவரை கொண்டு செலுத்துதல் என்பதே சொல்லின் அடிப்படை. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமோ பணிசெய்தலைக் குறிப்பது. இரு மொழியிலும் சொல்லின் வேரில் சுமையும் பணியும் இருக்கின்றன, ஆட்சி இல்லை. பொது வழக்கிலோ நிருவாகி என்றால் மேலிடத்தில் அமர்ந்து ஆணையிடுபவர் என்னும் பொருளே முந்துகிறது.

புதுச்சேரியில் இச்சொல்லுக்குக் கூடுதலாக ஒரு சட்டப் பொருளும் உண்டு. இந்திய அரசமைப்பின் 239ஆம் உறுப்பு, ஒன்றியத்து ஆட்சிப்புலங்களைக் குடியரசுத் தலைவர் தாம் அமர்த்தும் நிருவாகி ஒருவர் வாயிலாக, தாம் தகும் எனக் கருதும் அளவிற்கு, ஆளுவார் என்கிறது. புதுச்சேரியில் துணைநிலை ஆளுநரே அந்த நிருவாகி. 1963ஆம் ஆண்டின் ஒன்றிய ஆட்சிப்புலங்கள் அரசுச் சட்டம், சட்டமன்றத்தையும் அமைச்சரவையையும் அவருடன் வைத்துப் பேசுகிறது. இச்சட்ட வழக்கில் நிருவாகி என்பவர் ‘வாயிலாக’ என்னும் உருபுக்குரியவர். பிறரொருவர் அளித்த அதிகாரத்தை, அளிக்கப்பட்ட அளவுக்குச் செலுத்துபவர். அந்த அளவு எது என்பது பற்றி நீதிமன்றம் வரை வழக்காடிய ஊர் புதுச்சேரி. கணினித் திரையில் அதே சொல்லைக் காணும் புதுச்சேரிப் பயனர், அளவு என்னும் கருத்தை அங்கே மறந்துவிடுகிறார்.

உடன் வரும் மற்றொரு சொல் உரிமை. இதற்கு இணையாகச் சலுகை என்பதும் கணினி நூல்களில் ஆளப்படுகிறது. சலுகை என்பது இரங்கிக் குறைப்பது. பேருந்துச் சலுகைக் கட்டணம் போல. சட்டமன்ற வழக்கில் ‘உரிமை மீறல்’ என்று கூறும்போது உரிமை என்பது பதவி சார்ந்த தனித்தகுதியைச் சுட்டுகிறது. கணினியில் கருதப்படுவது இவ்விரண்டும் அன்று. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்னும் வரம்பே அங்குக் குறிக்கப்படுகிறது. வழக்கமான வரம்பைக் கடந்து அளிக்கப்படுவதை இக்கட்டுரை ‘உயர்வுரிமை’ எனக் குறிக்கிறது.

‘ஆக’ யாரைச் சேரும்?

‘நிருவாகியாக இயக்கு’ என்பது ஏவல் வினைத் தொடர். இயங்கு என்னும் தன்வினை இயக்கு எனப் பிறவினையாகியுள்ளது. இயங்குவது நிரல், இயக்குவது பயனர். இடையில் நிற்கும் ‘நிருவாகியாக’ என்பது இவ்விருவருள் யாரைத் தழுவுகிறது?

‘அவர் தலைவராகப் பேசினார்’ என்னும் தொடரில் ‘ஆக’ எழுவாயைச் சேர்கிறது. ‘அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர்’ என்னும் தொடரில் அது செயப்படுபொருளைச் சேர்கிறது. செயப்படுபொருள் தொக்கு நிற்கும் ‘நிருவாகியாக இயக்கு’ என்னும் ஏவலில், தமிழ்ப் படிப்பாளர் ‘ஆக’ என்பதை முன்னிலை எழுவாயோடுதான் இயல்பாகச் சேர்ப்பார். ‘நீ நிருவாகியாக இருந்து இதனை இயக்கு’ என்பதே அவர் கொள்ளும் பொருள். ‘இந்நிரலை நிருவாகியாக இயக்கு’ எனச் செயப்படுபொருளை வெளிப்படுத்தினாலும் ஐயம் தீர்வதில்லை.

கணினியின் உள்ளே நிகழ்வது வேறு. விண்டோஸ் விஸ்டா முதல், நிருவாகிக் குழுவைச் சேர்ந்த ஒருவர் கணினிக்குள் நுழையும்போது அவருக்கு இரண்டு அணுகல் சீட்டுகள் உருவாகின்றன. ஒன்று முழு உரிமை கொண்டது. மற்றொன்று உரிமைகள் கழிக்கப்பட்டது. அவர் திறக்கும் நிரல்களுக்கெல்லாம் கழிக்கப்பட்ட சீட்டே அளிக்கப்படுகிறது. ‘நிருவாகியாக இயக்கு’ என்பதைத் தெரிவு செய்து ஒப்புதல் அளித்தால், அந்த ஒரு நிரலுக்கு மட்டும் முழுச் சீட்டு தரப்படுகிறது. பயனரின் நிலையில் மாற்றம் எதுவும் நிகழவில்லை. அவர் முன்பும் நிருவாகிக் குழுவினரே, பின்பும் அவ்வாறே. மாறியது நிரலின் நிலை. தொடர் மனிதரின் தகுதியைப் பேசுகிறது. கணினி நிரலின் வரம்பைப் பேசுகிறது.

ஏவியவரும் இயற்றியவரும்

மூன்றாம் வேற்றுமையின் பொருள்களாக நன்னூல் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்பவற்றைக் கூறுகிறது. கருத்தாவை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா எனப் பகுத்தல் மரபு. அரசனால் கோயில் கட்டப்பட்டது என்பதில் அரசன் ஏவியவன். தச்சனால் கோயில் கட்டப்பட்டது என்பதில் தச்சன் இயற்றியவன். கோயில் ஒன்றே, கருத்தா இருவர்.

இப்பகுப்பைக் கணினிக்குப் பொருத்தினால் நிரலாக்கக் கருவிகளின் இடர் தெளிவாகிறது. நார்ம் ஹார்டி 1988இல் வெளியிட்ட ‘குழப்பமுற்ற முகவர்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய சிறு கட்டுரை இதற்குத் தக்க சான்று. டைம்ஷேர் நிறுவனத்தின் பொதுக் கணினியில் ஒரு நிரல்பெயர்ப்பி இருந்தது. பயனர் எழுதிய ஃபோர்ட்ரான் நிரலைக் கணினிக்குரிய வடிவமாக்குவது அதன் பணி. எத்தகைய நிரல் கூறுகள் பயன்படுத்தப்படுகின்றன என்னும் கணக்கைப் பதிந்து வைப்பதற்காக, தான் இருந்த கோப்புறையில் எழுதும் தனி உரிமை அதற்கு அளிக்கப்பட்டிருந்தது. கட்டணக் கணக்குக் கோப்பும் அதே கோப்புறையில்தான் இருந்தது. பயனர் ஒருவர், பிழைநீக்கத் தகவலை எழுத வேண்டிய கோப்பின் பெயராக அக்கட்டணக் கோப்பின் பெயரையே கொடுத்தார். நிரல்பெயர்ப்பி தன் உரிமையைக் கொண்டு அதன்மேல் எழுதியது. கட்டணக் கணக்கு அழிந்தது.

கட்டணக் கோப்பைத் தொடும் உரிமை ஏவியவருக்கு இல்லை. இயற்றிய கருவிக்கு இருந்தது. ஆனால் அது வேறொரு பணிக்காக அளிக்கப்பட்டது. தச்சனிடம் கருவூலத்தின் சாவியும் இருக்குமாயின், கோயில் கட்டச் சொன்னவர் எவர், கருவூலத்தைத் திறக்கச் சொன்னவர் எவர் என்பதைத் தச்சன் பிரித்தறிய இயலாமற் போவதைப் போன்றது இது. நிரல்பெயர்ப்பியில் பிழை இல்லை. பயனரிடம் வஞ்சகம் இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஏவுதற்கருத்தாவின் உரிமையும் இயற்றுதற்கருத்தாவின் உரிமையும் தனித்தனியே எண்ணப்படாததே தவறு. ஒவ்வொரு நிரலும் தன் பணிக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையோடு இயங்க வேண்டும் என்று ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975ஆம் ஆண்டுக் கட்டுரையில் வகுத்த நெறி இவ்விடத்திற்கு நேராகப் பொருந்துகிறது.

உடனிகழ்ச்சியாகத் தொடரும் உரிமை

உயர்வுரிமை ஒரு நிரலோடு நின்றுவிடுவதில்லை. நிருவாகி உரிமையோடு திறக்கப்பட்ட நிரலெழுது கருவி, தன்னுள் திறக்கும் கட்டளைச் சாளரத்திற்கும் அவ்வுரிமையையே வழங்குகிறது. அச்சாளரத்தில் இயங்கும் பைத்தான், பைத்தான் இறக்கும் தொகுதி, கருவியில் சேர்க்கப்பட்ட துணைநிரல்கள் ஆகிய எல்லாம் அதே உரிமையோடு இயங்குகின்றன. உடனிகழ்ச்சிப் பொருளில் ஒடு, ஓடு உருபுகள் உணர்த்தும் உடன்செல்லுதல் இதுவே. பயனர் ஒப்புதல் அளித்தது ஒருமுறை, ஒரு நிரலுக்கு. உடன் சென்றவை எத்தனை என்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதனால் தமிழ்த் தரவுப் பணியில் நேரும் இடையூறுகளுள் முதன்மையானது தட்டச்சு சார்ந்தது. பயனர் அழுத்தும் விசைகளை இடைமறித்துத் தமிழ் எழுத்துகளாக மாற்றி அனுப்பும் விசைப்பலகைச் செயலிகள் தமிழர்க்குப் பழக்கமானவை. விஸ்டா முதல் விண்டோஸ், குறைந்த உரிமையில் இயங்கும் நிரல் உயர்ந்த உரிமையில் இயங்கும் நிரலின் சாளரத்திற்கு விசைகளையோ செய்திகளையோ அனுப்பவொட்டாமல் தடுக்கிறது. தீய நிரலொன்று நிருவாகிச் சாளரத்தில் தானே கட்டளை தட்டச்சிடாமல் காப்பதற்கான அமைப்பு இது. விளைவாக, விசைப்பலகைச் செயலி வழக்கமான உரிமையிலும் நிரலெழுது கருவி உயர்வுரிமையிலும் இருந்தால், அக்கருவியில் மட்டும் தமிழ் வராது. வேர்டில் வரும், உலாவியில் வரும். காரணம் அறியாத ஆய்வாளர் விசைப்பலகைச் செயலியையும் நிருவாகியாக இயக்குகிறார். தமிழ் வந்துவிடுகிறது. ஆனால் அவர் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் காணும் நிரல் இப்போது கணினியின் முழு உரிமையையும் பெற்றுவிட்டது. இயக்கமுறைமையோடு வரும் உள்ளீட்டு முறைகள் வேறு வழியில் இயங்குவதால் அவற்றிற்கு இத்தடை பொதுவாக நேர்வதில்லை. கோப்பை இழுத்துவந்து நிரலின்மேல் விடுதல் நிருவாகிச் சாளரத்தில் இயலாமற் போவதும் இதே தடையால்தான்.

இரண்டாவது இடையூறு கோப்பு ‘காணாமற் போதல்’. ஆய்வாளரின் கணக்கு நிருவாகிக் குழுவில் இல்லாதபோது, வேறொரு நிருவாகிக் கணக்கின் கடவுச்சொல்லை இட்டு நிரல் திறக்கப்படுகிறது. அப்போது அந்நிரல் அந்த மற்றவரின் கணக்கிலேயே இயங்குகிறது. இங்கு மட்டும் ‘நிருவாகியாக’ என்னும் தொடர் சொல்லுக்குச் சொல் உண்மையாகிவிடுகிறது. பயனர் கோப்புறையில் சேமி என நிரல் எழுதப்பட்டிருந்தால், சொல்லடைவு நிருவாகியின் கோப்புறையில் போய்ச் சேரும். ஆய்வாளர் தம் கோப்புறையில் தேடிக்கொண்டிருப்பார். நிறுவிய தொகுதிகளும் மறுநாள் வழக்கமான உரிமையில் திறக்கும்போது கிடைக்கமாட்டா. துறையின் பொதுச் சேமிப்பகம் ஓர் இயக்ககமாக இணைக்கப்பட்டிருந்தால், உயர்வுரிமை பெற்ற நிரலுக்கு அவ்வியக்ககம் பெரும்பாலும் தெரிவதே இல்லை. லினக்ஸ் கணினியில் சூடோ கட்டளையோடு உருவாக்கிய கோப்பு மூலப் பயனருக்கு உடைமையாகிவிடுவதால், பின்னர் ஆய்வாளரே அதனைத் திருத்த முயன்றால் அனுமதி மறுக்கப்படும். அதைத் தீர்க்க மீண்டும் சூடோ. ஒருவர் உருவாக்கிய பணித்தொகுப்பை மற்றொரு பயனர் திறந்தால் உடைமை ஐயத்திற்குரியது எனக் கிட் கருவி மறுப்பதும் 2022 ஏப்ரல் மாதப் பதிப்பு முதல் நிகழ்கிறது.

உரிமையோடு தொடர்பே இல்லாத பிழைக்கும் உயர்வுரிமை மருந்தாகத் தரப்படுவது இவற்றினும் வியப்புக்குரியது. தமிழ்க் கோப்பைப் பைத்தானில் திறந்தவுடன், ‘0x8d என்னும் எண்ணைப் படிக்க இயலவில்லை’ என்னும் பொருள்படப் பிழை வருதல் பலர் கண்டது. ஆங்கில அமைவுடைய விண்டோஸில், குறிமுறை இன்னதெனச் சொல்லாவிடில், பைத்தான் பல காலமாக 1252 என்னும் மேலைநாட்டுக் குறிமுறையையே கொண்டு கோப்பைப் படிக்கிறது. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று எண்களாக அமையும். புள்ளியின் மூன்று எண்கள் E0, AF, 8D. இவற்றுள் 8D என்பதற்கு 1252இல் எழுத்தே ஒதுக்கப்படவில்லை. உகர உயிர்க்குறி 81 என்றும், ஏகாரம் 8F என்றும், ஐகாரம் 90 என்றும் முடிகின்றன; அவையும் அங்கே இல்லாத எண்களே. ஆகவே கோப்பில் முதலில் வரும் மெய்யெழுத்தின் புள்ளியிலோ உகரக் குறியிலோ நிரல் நின்றுவிடுகிறது. மெய் புள்ளியொடு நிலையல் தமிழின் அடிப்படையாதலால் எந்தத் தமிழ்க் கோப்பும் இதற்குத் தப்பாது. நிருவாகியாக இயக்கினாலும் புள்ளி புள்ளியே. பிழை அப்படியே நிற்கும். கோப்பைத் திறக்கும் வரியில் குறிமுறை யுடிஎஃப்-8 எனக் குறித்தால் தீரும்.

தொகுதிகளும் ஆய்வேடும்

பைத்தான் தொகுதிகள் பொதுக் களஞ்சியத்திலிருந்து வருபவை. அவற்றுள் சில, நிறுவும்போதே தம்முள் உள்ள நிரலை இயக்கவல்லவை. 2017 செப்டம்பரில், புகழ்பெற்ற தொகுதிகளின் பெயரை ஓரிரு எழுத்து மாற்றிச் சூட்டிய போலித் தொகுதிகள் அக்களஞ்சியத்தில் இருந்ததை ஸ்லோவாக்கிய நாட்டுப் பாதுகாப்பு அமைப்பு கண்டறிந்து அறிவித்தது. பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிட்டவர் கணினியில் வேறு நிரல் புகுந்தது. பாடவேறுபாடு ஆராய்வோர்க்கு ஓரெழுத்து வேறுபாட்டின் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. உயர்வுரிமையோடு நிறுவியவருக்கு அவ்வெழுத்தின் விலை கணினி முழுவதும். பொதுக் கணினியாயின் அதைப் பயன்படுத்தும் அனைவரின் கோப்புகளும் அதனுள் அடங்கும்.

இங்கு ஒன்றை மிகைப்படுத்தாமல் கூற வேண்டும். வழக்கமான உரிமையில் இயக்கினால் எல்லாம் காக்கப்படும் என்பது இல்லை. ஆய்வாளரின் ஆய்வேடும் களப்பணிப் பதிவுகளும் அவருடைய சொந்தக் கோப்புறையில் இருக்கின்றன. அவர் இயக்கும் நிரல் அவற்றைத் தொட நிருவாகி உரிமை தேவையில்லை. உயர்வுரிமையைத் தவிர்த்தல் இயக்கமுறைமையையும் பிறர் கோப்புகளையும் காக்கும். தம் ஆய்வேட்டைக் காப்பது வேறோரிடத்தில் எடுத்து வைக்கும் படி ஒன்றுதான்.

உயர்வுரிமை உண்மையில் வேண்டிய இடங்களும் உள்ளன: வன்பொருள் இயக்கிகளை நிறுவுதல், எல்லாப் பயனருக்கும் பொதுவாக மென்பொருள் அமைத்தல், பின்னணியில் இயங்கும் சேவைகளைப் பதிதல் போன்றவை. விஷுவல் ஸ்டூடியோ 2005ஐ விஸ்டாவில் நிருவாகியாக இயக்குமாறு மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பரிந்துரைத்த காலமும் இருந்தது. 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் பெரும்பாலான பணிகளுக்கு அத்தேவை நீங்கியது. சொல்லடைவு உருவாக்குதல், யாப்பு அலகிடுதல், உருபன் பகுத்தல் ஆகிய தமிழ்ப் பணிகளுள் எதுவும் இப்பட்டியலில் இல்லை. பைத்தான் 3.3 முதல் உள்ள மெய்நிகர்ச் சூழலைப் பணிதோறும் தனியே அமைத்துக்கொண்டால் தொகுதிகள் ஆய்வாளரின் கோப்புறைக்குள்ளேயே அடங்கும். மூலப் பயனராகத் தொகுதி நிறுவுவோரைப் பைத்தானின் நிறுவற்கருவி 2021 முதல் எச்சரிக்கிறது. 2023இல் வந்த டெபியன் 12, பொதுப் பைத்தானுக்குள் அக்கருவி வழியே நிறுவுவதை இயல்பாகவே மறுக்கிறது.

மாற்றுத் தொடர்

லினக்ஸின் சூடோ கட்டளை 1980ஆம் ஆண்டளவில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காகெஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. எவர், எந்தக் கட்டளையை, யாருடைய உரிமையில் இயக்கலாம் என்பதை அதன் அமைப்புக் கோப்பில் தனித்தனியே வரையறுக்க முடியும். அங்கு உரிமை செயலுக்குரியது. ஆளின் தகுதிக்கு உரியதன்று. தமிழ்த் தொடரும் அவ்வாறே செயலை முன்னிறுத்த வேண்டும்.

‘நிருவாகி உரிமையுடன் இயங்கவிடு’ என்பது பொருத்தமானது. ‘இயங்கு’ என்னும் தன்வினை வருவதால் இயங்குவது நிரல் என்பது வெளிப்படுகிறது. ‘உடன்’ என்பது உடனிகழ்ச்சியைக் காட்டுவதால் உரிமை நிரலோடு செல்கிறது என்பது புலனாகிறது. ‘விடு’ என்பது அனுமதித்தலையும் கட்டவிழ்த்தலையும் ஒருங்கே உணர்த்துகிறது. மாட்டை அவிழ்த்துவிடுபவர் அது எவ்வயலில் மேயும் என எண்ணிப் பார்ப்பது போல, பயனரும் ஒரு நொடி எண்ண இடமுண்டு. ‘நிருவாகியாக’ என்பதில் இருந்த ஐயம் இதில் இல்லை.

தொடர் நீள்கிறது என்னும் மறுப்பு எழும். பட்டியில் இடம் போதாது என்பது தமிழ் இடைமுக மொழிபெயர்ப்பில் எப்போதும் கேட்கும் குரல்தான். இரு சொல் ஒருசொல் கூடுவதால் பட்டி உடைந்துவிடாது. சுருக்கம் கட்டாயமெனில் ‘முழு உரிமையில் இயங்கவிடு’ எனலாம். அதில் ‘நிருவாகி’ என்னும் சொல்லே இல்லாமையால், திரையில் கேட்கப்படும் கடவுச்சொல் யாருடையது என்னும் தெளிவு குறைகிறது. ஆகவே நீண்ட தொடரையே கலைச்சொல்லாகக் கொண்டு, குறுகிய வடிவத்தைப் பட்டிக்கு மட்டும் ஒதுக்கலாம். மென்பொருள் நிறுவனங்கள் ஏற்கும்வரை காத்திராமல், தமிழ்த் துறைகளின் கணினித் தமிழ்ப் பாடக் குறிப்புகளிலும் ஆய்வகக் கையேடுகளிலும் இத்தொடரை இப்போதே ஆளத் தடையில்லை.